பௌர்ணமி விரதம்: பகலுக்கு இல்லை, மாலைக்கு

பௌர்ணமி விரதம் இருக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "இன்னைக்கா, நாளைக்கா?" என்பதுதான். சுவரில் தொங்கும் நாள்காட்டி ஒரு தேதியைச் சொல்லும். திருவண்ணாமலை கிரிவல அறிவிப்பு அதற்கு முந்தின நாளே நடக்கத் தொடங்கலாம் என்று சொல்லும். வாட்ஸ்அப்பில் வரும் செய்தி மூன்றாவதாக ஒன்று சொல்லும். முதல்முறை இருப்பவர் பாதிப் பேர் இந்த இடத்திலேயே சலித்துப்போய் விட்டுவிடுவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பத்தில் முக்கால்வாசி போய்விடும். பௌர்ணமி விரதம் பகலுக்கான விரதம் இல்லை. நிலவு எழும் மாலைக்கான விரதம். காலைக் குளியல், பகல் பட்டினி, வாசல் கோலம் எல்லாம் அந்த மாலைக்கான ஏற்பாடுகள். எந்த நாளின் மாலையில் பௌர்ணமி திதி இருக்கிறதோ, அந்த நாளில் விரதம் இருந்து, விளக்கேற்றி, நிலவைப் பார்த்துக் கும்பிட்டு, அப்புறம் சாப்பிடுவது. அவ்வளவுதான் இதன் எலும்புக்கூடு. மற்றதெல்லாம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும்.

திதி என்ன கணக்கு?

அமாவாசை அன்று சூரியனும் சந்திரனும் வானத்தில் ஒரே திசையில் இருக்கும். அதற்குப் பிறகு சந்திரன் சூரியனை விட்டு விலகிக் கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே 12 பாகை இடைவெளி கூடினால் ஒரு திதி முடிந்தது என்று கணக்கு. முதல் 12 பாகை பிரதமை, அடுத்த 12 துவிதியை, இப்படியே போய் 168 பாகையில் பௌர்ணமி தொடங்கும். 180 பாகை வந்ததும், அதாவது சூரியனுக்கு நேர் எதிரே சந்திரன் வந்து நின்றதும், பௌர்ணமி முடிந்து தேய்பிறைப் பிரதமை ஆரம்பம். அறிவியல் சொல்லும் முழுநிலவு நொடியும் நம் பஞ்சாங்கம் சொல்லும் பௌர்ணமி முடிவு நேரமும் ஒன்றுதான். பௌர்ணமி முடிந்துவிட்டது என்று போட்டிருக்கும் இரவில்கூட நிலவு முழுசாகவே தெரிவது இதனால்தான். கண்ணுக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது.

இந்த 12 பாகையைச் சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் கடப்பதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைவாகப் போகும், தள்ளி இருக்கும்போது மெதுவாக நகரும். 2025 மே மாதம் வந்த சித்ரா பௌர்ணமி மே 11 இரவு 8 மணி வாக்கில் தொடங்கி மே 12 இரவு 10:25 வரை, 26 மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4 காலை 8:37க்குத் தொடங்கிய பௌர்ணமி மறுநாள் விடியுமுன்னே, 4:43க்கு முடிந்துவிட்டது. சுமார் 20 மணி நேரம்தான். மே மாதம் சந்திரன் தொலைவில் இருந்தது, டிசம்பரில் மிக அருகில் இருந்தது. சூப்பர் மூன் என்று செய்திகளில் வந்ததே, அந்த நிலவு. திதிக்கும் தேதிக்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம் பஞ்சாங்கக்காரர்களின் குளறுபடி இல்லை. தேதி நள்ளிரவில் மாறுகிறது, திதி வானத்தில் எப்போது மாறுகிறதோ அப்போது மாறுகிறது.

சரி, நாள்காட்டித் தாளை எப்படிப் படிப்பது? தினசரி காலண்டரில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் பாருங்கள். சனிக்கிழமைத் தாளில் "சதுர்த்தசி பிற்பகல் 3.10 வரை, பின் பௌர்ணமி" என்றும், ஞாயிற்றுக்கிழமைத் தாளில் "பௌர்ணமி பிற்பகல் 1.40 வரை, பின் பிரதமை" என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை சூரிய உதயத்தில் இருப்பது பௌர்ணமி. ஆகவே அந்தத் தாளில் பௌர்ணமி என்று பெரிதாகப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஞாயிறு மாலை நிலவு எழும்போது திதி முடிந்துவிட்டது. சனிக்கிழமை மாலைதான் பௌர்ணமி மாலை. அன்று காலையில் சதுர்த்தசிதானே இருக்கிறது என்று யோசிக்க வேண்டாம், விரதம் சனிக்கிழமைதான். கிரிவலம் போகிறவர்களும் அன்று பிற்பகலிலிருந்தே நடக்க ஆரம்பித்திருப்பார்கள்.

எப்போதாவது இரண்டு மாலையையும் திதி தொட்டுக்கொண்டு நிற்கும், அல்லது இரண்டிலும் அரைகுறையாக இருக்கும். அப்போது நீங்களாகக் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாமல், உங்கள் ஊர்க் கோயிலில் எந்த நாள் பௌர்ணமி பூஜையோ அதையே வைத்துக்கொள்ளலாம். பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இன்றைய வானியல் கணக்கை வைத்துக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேரம் வேறுபாடு வருவது உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் விரதம் இருக்க நேரம் கிடைக்காது. வீட்டில் எதைப் பார்ப்பது வழக்கமோ அதையே பாருங்கள்.

இன்னொரு குழப்பம், நட்சத்திரத்தால் வருவது. நம் பெரிய திருவிழாக்கள் பல பௌர்ணமியை ஒட்டி வந்தாலும், அவற்றுக்கு நாள் குறிப்பது நட்சத்திரம். 2025இல் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் டிசம்பர் 3ஆம் தேதி ஏற்றினார்கள், பௌர்ணமியோ 4ஆம் தேதி. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் இப்படி ஒரு நாள் முன்னே பின்னே போவது சகஜம். பண்டிகை நட்சத்திரத்தின்படி, விரதம் திதியின்படி என்று நினைவில் வைத்தால் போதும். அப்புறம், "சந்திர தரிசனம்" என்று காலண்டரில் போட்டிருப்பது பௌர்ணமி இல்லை. அமாவாசைக்குப் பிறகு தெரியும் மூன்றாம் பிறை. ஆர்வத்தில் அன்றைக்கு விரதம் இருந்துவிடாதீர்கள்.

எந்தப் பௌர்ணமி?

மாதம் ஒரு பௌர்ணமி வரும். தமிழ் மாதங்கள் சூரியனை வைத்து ஓடுவதால் அபூர்வமாக ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி விழுவதும் உண்டு. எல்லாவற்றையும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆண்டுக்கு ஒன்று மட்டும் இருப்பவர்கள்தான் அதிகம், அதிலும் பெரும்பாலும் சித்திரை.

மாதங்களின் குணம் வெவ்வேறு. வைகாசியில் விசாகத்தை ஒட்டி முருகனுக்கு. ஆனி அல்லது ஆடியில் வருவது வியாச பூர்ணிமா, குருவை வணங்கும் நாள். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டிப் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டம். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். வடித்த சோற்றால் லிங்கத் திருமேனி முழுவதையும் மூடிவிடுவார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தின் மிகப்பெரிய லிங்கத்துக்கு அன்று மூட்டை மூட்டையாக அரிசி வேகும். பூஜை முடிந்ததும் அந்தச் சோற்றைக் குழம்போ தயிரோ கலந்து பிரசாதமாகக் கொடுப்பதும், ஒரு பகுதியை நீர்நிலைகளில் கரைப்பதும் வழக்கம். கார்த்திகையில் விளக்கு, மார்கழியில் திருவாதிரைக் களி, தையில் பூசம், மாசியில் கடலாடும் மகம், பங்குனியில் உத்திரக் கல்யாணங்கள். இவற்றில் பலவற்றை 7ஆம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தர் தம் மயிலாப்பூர்ப் பதிகத்தில் வரிசையாகச் சொல்லி, இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணிடம், இதையெல்லாம் பார்க்காமல் போகிறாயோ பூம்பாவாய் என்று கேட்கிறார்.

அப்படியானால் முழுநிலவு மாலையில் ஊர் கூடுவது புதிய பழக்கம் இல்லை. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இரவுத் திருவிழாவுக்கு இதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். கொங்குப் பக்கம் தைப்பூசத்தை ஒட்டி நிலாச்சோறு கொண்டுபோய்ப் பெண்கள் கும்மியடிக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பட்டினி எந்த அளவுக்கு?

"விரதம்" என்றதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது என்று சிலர் பயந்துவிடுகிறார்கள். அப்படி இருப்பவர்கள் மிகச் சிலர். வழக்கத்தில் உள்ளவை மூன்று விதம். தண்ணீர் மட்டும் குடித்து நிலவு பார்த்த பிறகு சாப்பிடுவது. பகலில் பால், பழம், இளநீர், மோர் என்று நீராகாரமாக எடுத்துக்கொள்வது. ஒருபொழுது இருப்பது, அதாவது ஒரு வேளை மட்டும் சாப்பாடு. முதல்முறை இருப்பவருக்கு இரண்டாவது விதம்தான் சரிப்பட்டு வரும் என்பேன். வேலைக்குப் போகிறவருக்கும் அதுதான் தாங்கும்.

அசைவம் கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெங்காயம், பூண்டு பல வீடுகளில் விலக்கு. இரவில் விரதம் முடித்த பிறகு சோறு வேண்டாம், பலகாரம்தான் என்றொரு வழக்கம் உண்டு. இட்லி, தோசை, உப்புமா ஆகலாம், சோறு ஆகாது. இட்லியில் இருப்பதும் அரிசிதானே என்று வீட்டில் கேட்டுப் பார்த்தவர்கள் யாரும் நல்ல பதில் வாங்கியதில்லை. "பெரியவங்க அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்பதோடு பேச்சு முடியும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வயதானவர்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இருப்பதும் ஆபத்துதான். மருத்துவரைக் கேட்காமல் இரண்டில் எதையும் செய்யக்கூடாது. சித்திரை வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது திடகாத்திரமானவருக்கே கஷ்டம். உப்பில்லாமல் சாப்பிடுவது, ஒரு வேளையை மட்டும் விடுவது, சாப்பிட்டுவிட்டே மாலைப் பூஜை செய்வது எல்லாம் விரதக் கணக்கில்தான் சேரும்.

வீட்டில் என்ன செய்வது

காலையில் வீட்டைத் துடைத்து, வாசல் தெளித்து, முடிந்தால் மாக்கோலம். தலைக்குக் குளித்து, சாமி விளக்கை ஏற்றி, "இன்றைக்கு நிலவு பார்க்கும்வரை விரதம் இருக்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் சங்கல்பம் முடிந்தது. சமஸ்கிருதத்தில் சொன்னால்தான் செல்லும் என்றில்லை. அதன்பின் ஆபீஸ், பள்ளிக்கூடம், சமையல் என்று வழக்கமான நாள்தான். பகல் முழுக்கப் பூஜை அறையில் உட்கார வேண்டிய விரதம் இது இல்லை.

மாலை ஐந்தரை மணிக்கு மேல்தான் வேலை. மறுபடி கைகால் கழுவி அல்லது குளித்து, குத்துவிளக்கைத் துலக்கிப் பொட்டிட்டு, பூ சாத்தி, ஐந்து முகமும் ஏற்றுவது. ஐந்து முகத்துக்கும் திரி போட நேரமில்லை என்றால் ஒரு முகம் போதும். சிவனைக் கும்பிடும் வீட்டில் சிவன், அம்மன் வீட்டில் அம்மன், பெருமாள் வீட்டில் பெருமாள். பௌர்ணமிக்கென்று தனித் தெய்வம் தேட வேண்டாம். ஆனால் நடைமுறையில் பௌர்ணமி என்றாலே அம்மன் வழிபாடு ஒரு படி கூடும். தென்மாவட்டக் கோயில்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்யும் திருவிளக்கு பூஜை பெரும்பாலும் அன்றுதான். வீட்டில் லலிதா சகஸ்ரநாமம் சொல்பவர்கள் உண்டு, 108 போற்றி சொல்பவர்கள் உண்டு.

தமிழில் ஏதாவது படிக்க வேண்டும் என்பவர்கள் அபிராமி அந்தாதியை எடுப்பார்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது. திருக்கடவூரில் அம்பாள் முன் தன்னை மறந்து உட்கார்ந்திருந்த அபிராமி பட்டரிடம், தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி இன்றைக்கு என்ன திதி என்று கேட்டார். அன்று தை அமாவாசை. பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். இரவில் நிலவு வராவிட்டால் தண்டனை என்றாகிவிட, அவர் அந்தாதி பாடத் தொடங்கினார். "விழிக்கே அருளுண்டு" என்று தொடங்கும் 79ஆம் பாட்டில் அம்பாள் தன் தோட்டை வானில் வீச, அது நிலவாக எழுந்தது என்பது ஐதீகம். திதியைத் தப்பாகச் சொன்னவர் பாடிய 100 பாட்டைத்தான் நாம் பௌர்ணமிதோறும் படிக்கிறோம்! முதல்முறை 100 பாட்டும் முடியாவிட்டால் அந்த 79ஆவதையாவது படிக்கலாம்.

நிவேதனத்துக்குச் சர்க்கரைப் பொங்கல், பால் பாயசம், அவல், பழம், எது முடியுமோ அது. வெண்மையான பொருள் விசேஷம் என்பார்கள். கொஞ்சம் பாலில் கல்கண்டு போட்டு வைத்தாலே ஆயிற்று.

அப்புறம் மாடிக்குப் போய் நிலவைப் பார்ப்பது. பௌர்ணமி திதி இருக்கும் மாலையில் சூரியன் மறைவதை ஒட்டியே கிழக்கில் நிலவு எழுந்துவிடும். ஆனால் அடிவானத்தில் புகைமூட்டமும் கட்டடங்களும் இருப்பதால் ஊருக்குள் கண்ணில் பட ஏழு மணி ஆகலாம். மேற்குப் பார்த்த பால்கனியில் நின்றுகொண்டு நிலவு வரவில்லை என்று காத்திருப்பவர்கள் நிஜமாகவே உண்டு. கிழக்கு எந்தப் பக்கம் என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீரோ பாலோ எடுத்துப்போய், கற்பூரம் காட்டி, கும்பிட்டு வந்தால் பூஜை நிறைவு. மேகம் மூடியிருந்தால்? ஐப்பசி, கார்த்திகையில் அது சாதாரணம். கிழக்கு நோக்கிக் கற்பூரம் காட்டிவிட்டுச் சாப்பிடலாம். மேகம் விலகும்வரை பட்டினி கிடக்க எந்தச் சாத்திரமும் சொல்வதாக நம் பெரியவர்கள் எடுத்துக்கொண்டதில்லை.

மாதவிடாய் நாளில் பௌர்ணமி வந்தால் என்ன செய்வது என்று பல பெண்கள் கேட்கத் தயங்குவார்கள். பல வீடுகளில் விரதத்தை மட்டும் இருந்து, விளக்கை வேறொருவர் ஏற்றுவார்கள். சில வீடுகளில் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. இது அவரவர் முடிவு. வெளியிலிருந்து விதி சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

சித்ரா பௌர்ணமி

ஒன்றே ஒன்று இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். சித்திரை மாதத்தில் நிலவு சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி நிறையும் நாள். மதுரையில் அழகர் வைகையில் இறங்குவது இந்த நாளை ஒட்டித்தான். பழைய பூம்புகாரில் இந்திர விழா தொடங்கியதும் சித்திரைப் பௌர்ணமியில் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் காப்பியத்து நாயகிக்கு, தேனி மாவட்ட எல்லைக் காட்டுக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலை ஆண்டுக்கு இந்த ஒரு நாள்தான் மக்களுக்குத் திறக்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியங்குடியிலிருந்து மலையேறி நடந்தும் கூட்டம் போகும்.

வீட்டுக்குள் இந்த நாள் சித்திரகுப்தனுக்கு உரியது. எமதர்மனின் கணக்கர். நாம் செய்யும் பாவ புண்ணியத்தை ஒன்று விடாமல் எழுதி வைப்பவர். காஞ்சிபுரத்தில் இவருக்கென்று தனிக்கோயில் இருக்கிறது. ஒரு கையில் ஏடும் ஒரு கையில் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருப்பார். கேதுவுக்கு அதிதேவதை இவர் என்பதால் கேது தோஷ பரிகாரம் என்றும் கூட்டம் வரும். பிறப்புக் கதை ஊருக்கு ஊர் வேறு. தங்கப் பலகையில் வரைந்த சித்திரத்துக்கு உயிர் வந்தது என்பது ஒன்று. காமதேனுவின் வயிற்றில் பிறந்தார் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கதையால்தான் அன்றைய சமையலே மாறிப்போகிறது: பசு அவருக்குத் தாய் முறை, ஆகவே பசும்பால், தயிர், நெய், மோர் எதுவும் அன்று சேர்ப்பதில்லை. எருமைப்பால் கிடைத்தால் ஆகலாம். பாக்கெட் பாலில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்பதால் நகரத்தில் பாலையே விட்டுவிடுவது சுலபம். உப்பும் விலக்கு.

பாலும் நெய்யும் இல்லாமல் பொங்கலா என்று கேட்டால், தேங்காய்ப்பால் இருக்கிறது. ஒரு கப் பச்சரிசி, கால் கப் பாசிப்பருப்பு. பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயைத் துருவி முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலோடு தண்ணீர் சேர்த்து அதில் அரிசி பருப்பைக் குழைய வேகவிடுங்கள். ஒன்றேகால் கப் வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றி, சேர்ந்து வந்ததும் அடுப்பைச் சிறுதீயாக்கி முதல் பாலை ஊற்றிக் கிளறி உடனே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டு, முந்திரிக்குப் பதில் பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காயைத் தேங்காயெண்ணெயில் சிவக்க வதக்கிச் சேர்த்தால், நெய் இல்லாத குறை தெரியாது. விளக்குக்கும் அன்று நல்லெண்ணெய்தான்.

பூஜை இடத்தில் அரிசிமாவால் சித்திரகுப்தனின் உருவத்தைக் கோலமாகப் போடுவார்கள். கைவராதவர்கள் படம் வைக்கலாம். பக்கத்தில் ஒரு புது நோட்டும் பேனாவும். அந்தக் காலத்து ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் பதிலாக. நோட்டின் முதல் பக்கத்தில் "சித்திரகுப்தன் படியளப்பு" என்று எழுதி வைப்பது பல வீடுகளில் வழக்கம். பானகம், மாம்பழம், வெள்ளரி, நுங்கு என்று வெயில் காலத்தில் கிடைப்பதெல்லாம் படையலுக்கு வரும். வேண்டிக்கொள்வது இதுதான்: "மலையளவு செஞ்ச பாவத்தைக் கடுகளவா எழுதிக்கோ, கடுகளவு செஞ்ச புண்ணியத்தை மலையளவா எழுதிக்கோ." கணக்கை மாற்றி எழுதச் சொல்லிக் கணக்கரிடமே இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கும் பிரார்த்தனை வேறெங்கும் இருக்கிறதா தெரியாது! ஆனால் உப்பில்லாமல் ஒரு நாள் இருந்துவிட்டு இதைச் சொல்லும்போது, இந்த வருடம் கடுகளவாவது ஏதாவது செய்தோமா என்று யோசிக்காமல் இருக்க முடியாது. பூஜை முடிந்த நோட்டையும் பேனாவையும் படிக்கும் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

நிலவு வந்ததும் கலந்த சாதங்களை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கோ மாடிக்கோ போய் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் வழக்கமும் இந்த நாளுக்கு உண்டு. விரதம் இருந்தவர் தன் உப்பில்லாப் பொங்கலோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

ஈழத்தில் இதே நாள் வேறு பொருளில் இருக்கிறது. தாயை இழந்தவர்கள் தாய்க்காகப் பிடிக்கும் விரதம் சித்திராபூரணை. தந்தைக்கு ஆடி அமாவாசை. தாய் உயிரோடு இருப்பவர்கள் இந்த விரதத்தைப் பிடிப்பதில்லை. கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படிப்பதும், சித்திரைக் கஞ்சி காய்ச்சி வருபவர்களுக்கெல்லாம் ஊற்றுவதும் உண்டு. இலங்கையில் எல்லாப் பௌர்ணமியும் போயா தினமாக அரசு விடுமுறை என்பதால், தமிழ்நாட்டில் இருப்பவர்போல் லீவு சொல்லத் தேவையில்லை.

சத்யநாராயண பூஜை

தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளிலும், தமிழ்நாட்டில் பல வீடுகளிலும் பௌர்ணமி மாலை என்றால் இதுதான். ஆந்திராவில் அன்னவரம் மலைக்கோயில் இதற்குப் பெயர்போனது. கலசம் வைத்து, ஐந்து அத்தியாயம் கொண்ட கதையைப் படித்து, ரவை, சர்க்கரை, நெய், பால், வாழைப்பழம் சேர்த்த பிரசாதத்தை எல்லோருக்கும் கொடுப்பது. விறகு வெட்டியும் வணிகனும் அரசனும் வரும் கதை அது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதே அந்தக் கதையின் சாரம். அதில் வணிகனின் மகள் கலாவதி, கணவன் ஊர் திரும்பிய சந்தோஷத்தில் பிரசாதம் வாங்காமலே ஓடிப்போக, கணவன் வந்த ஓடம் மறைந்துவிடும். அதனால்தான் இந்தப் பூஜைக்குக் கூப்பிட்டால் பிரசாதம் வாங்காமல் யாரையும் வாசல் தாண்ட விடமாட்டார்கள். முதல்முறை என்றால் தெரிந்தவர் வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுச் செய்வது மேல்.

பலன்களைப் பற்றி

எந்த மாதப் பௌர்ணமி இருந்தால் எத்தனை செல்வம், எத்தனை நாளில் கல்யாணம் என்று பட்டியல் போட்டு வருவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டியலுக்குப் பட்டியல் பலன் மாறுகிறது. பௌர்ணமி பூஜை செட் என்று பெட்டியில் போட்டு விற்பவையும் தேவையில்லை. சமையலறையில் இருப்பதை வைத்தே எல்லாம் செய்துவிடலாம்.

அறிவியல் பெயரில் சுற்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடலை இழுக்கும் நிலவு, உடம்பில் உள்ள தண்ணீரையும் இழுக்கிறது, அதனால் பௌர்ணமியில் பட்டினி இருக்க வேண்டும் என்பார்கள். கடல் ஏறுவது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த நீர்ப்பரப்பில் பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இழுப்பு வேறுபடுவதால். ஒரு மனித உடம்பின் நீளத்துக்கு அந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை. தவிர, கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறுவது பௌர்ணமிக்கு மட்டுமல்ல, அமாவாசைக்கும் அதே அளவுதான். விரதத்துக்கு இந்த முட்டுக்கொடுப்பு வேண்டியதில்லை.

எத்தனை மாதம் இருப்பது என்பது வேண்டுதலைப் பொறுத்தது. 12 பௌர்ணமி என்று எண்ணிக்கொண்டு தொடங்குபவர்கள் உண்டு. அவர்கள் கடைசிப் பௌர்ணமியில் நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு, சுமங்கலிகளுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து நிறைவு செய்வார்கள். நடுவில் உடம்பு சரியில்லாமலோ, வீட்டில் தீட்டு வந்தோ ஒரு மாதம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கடைசியில் ஒன்று கூட்டி இருந்து கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம்.